பேசாத பை

படிப்பு ஏறாத ஆத்திரத்தில் நுரையக்கா கம்ப்யூட்டரின் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரி முழுக்க இதே பேச்சு. பிடுங்கியது நிஜம்தான். மற்றதெல்லாம் கண், காது, மூக்கு வைத்த கதை. உள்ளபடி நடந்தது வேறு.

ஆஸ்பத்திரி சலவை அறையில் எந்நேரமும் முழங்கை வரை நுரையோடு நிற்பவள் அக்கா. பெயர் அப்படித்தான் வந்தது. முன்பெல்லாம் சிவப்புப் பை கொதிநீர் மிஷினுக்கு, வெள்ளைப் பை கிழிசல் தைக்க. புதிதாக வந்த சூப்பர்வைசர் எல்லாப் பையையும் சாம்பல் நிறமாக்கி, மேலே எழுத்தை ஒட்டினார்: ‘தொற்று’, ‘தையல்’. முன்னால் ஒரு கொம்பு, பக்கத்தில் ஒரு ‘த’. எழுத்தறியாத அக்காவுக்கு இரண்டும் ஒரே மாடு.

முதல் வாரமே தொற்று நோயாளியின் விரிப்பு தையல் மேசைக்குப் போனது. அங்கே உட்கார்ந்திருப்பவள் அவள் நாத்தனார். வெறுங்கையால் பையைப் பிரித்துவிட்டு அலறினாள்.

“என்னைக் கொல்லணும்னா விஷத்தை வாங்கிக் குடுங்க அண்ணி, சீக்கிரம் முடியும்!”

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை நானே பையைக் காட்டுவேன். படிக்கலைன்னா வேலைக்கு வராதேம்மா.”

வீட்டில் புருஷன் இடுப்பொடிந்து படுத்திருக்கிறான். அடுப்பெரிவது இவள் சம்பளத்தில்தான்.

சாப்பாட்டு அறையில் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டரில் எழுத்துச் சொல்லித் தந்தார்கள். திரையில் ஒரு சொல் வரும், ஒரு குரல் அதை வாசிக்கும், கீழே உள்ள படங்களில் சரியானதைத் தொட வேண்டும். அக்கா தொட்டதெல்லாம் சரி. “சபாஷ்!” என்றது மிஷின். “நீங்கதான் அக்கா ஃபர்ஸ்ட்!” என்றாள் டீச்சர், போனிலிருந்து தலையைத் தூக்காமலே.

நெஞ்சு நிமிர்த்தி சலவை அறைக்கு வந்தாள். பையைத் தூக்கினாள். எழுத்து எறும்பாக ஊர்ந்தது. தூக்கிய பையோடு அப்படியே நின்றாள்.

“என்ன அண்ணி, பை ஏதாவது சொல்லுதா?” என்றாள் நாத்தனார்.

அக்காவுக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இத்தனை நாளும் அவள் படிக்கவே இல்லை. மிஷின் படித்தது, இவள் காதால் கேட்டுப் படத்தைத் தொட்டாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கு முந்தின நாள் வகுப்புக்குள் நுழைந்தவள் நேராக ஒயரைப் பிடுங்கினாள். மார்க் படுத்துவிட்டது. ‘சபாஷ்’ என்ற எழுத்துகூடத் திரையில் அபூர்வமாகத்தான் வந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக்கொண்டே இருந்தாள். டீச்சர் கத்தினாள், நாத்தனார் ஓடி வந்தாள்.

“உங்களுக்குப் பைத்தியமா அண்ணி? இவ்வளவு கோவமா?”

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கோவமுமில்ல, மண்ணுமில்ல. அது வாயை மூடினாத்தான்டி நான் படிக்க முடியும். நாளைக்கு அவர் காட்டுற பை பேசவா போகுது?”