பெடல் சென்சாரும் என் வயிற்றெரிச்சலும்

என் பெரம்பலூர் ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நாளாக ஒரு கார் நின்றிருந்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் திடீரென்று இழுவை போய்விடும். இன்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டிலைக் கழற்றிச் சுத்தம் செய்தும் சரியாகவில்லை.

இன்று செல்வி வந்தாள். ஐடிஐயில் என்னோடு படித்தவள், அரியலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறாள். கோளாறைக் காட்டும் ஸ்கேனரை மாட்டி, பெடலை மெதுவாக அழுத்தினாள்.

"மிதிக்க மிதிக்க வோல்டேஜ் ஏறணும். பாதியில விழுது பாரு. ஒயரெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பெடல் சென்சார்தான் போயிருக்கு."

சென்சாரோடு சேர்த்துப் பெடலையே மாற்றினேன். வண்டி பறந்தது.

காரின் சொந்தக்காரர் வாத்தியார், பத்து வருடமாக என்னிடம் வருகிறவர். என் முன்னாலேயே அவளிடம், "உங்க நம்பர் குடுங்கம்மா" என்றார்.

"எதுக்கு சார்? அதான் இவன் இருக்கான்ல" என்று செல்வி சிரித்தாள். அதில் எனக்கு வயிறு இன்னும் எரிந்தது.

அவளுக்கு நன்றி சொல்ல எனக்கு வாயே வரவில்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்: நன்றி செல்வி.

மற்றவர்கள் அவளைப் பாராட்டி கமெண்ட் போட வேண்டாம்.