உள்பக்கம் மட்டும் தேய்ந்த டயர்

உறவுக்காரன் வண்டியைத் தொடாதே என்று அந்த ஆளுக்கு யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

அரை டிகிரி என்று சொன்னால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். வீல் அலைன்மென்ட் பார்க்கிறவர். எந்த வண்டி உள்ளே வந்தாலும் ஒரு சுற்றுச் சுற்றி, குனிந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அரை டிகிரி தள்ளியிருக்கு" என்பார். வீட்டிலும் அதே கதைதான். சுவர்க் கடிகாரம், சாப்பாட்டு மேஜை, மகளின் வகிடு, ஒன்றும் அவர் கண்ணுக்குத் தப்பாது. "அப்பா, என் தலையையாவது விட்டுடுங்கப்பா" என்று அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிடுவாள்.

வேகமான வண்டி வைத்திருக்கிறவர்கள் அவரைத் தேடித்தான் வருவார்கள். அந்த வண்டிகளில் ஒரு தொல்லை உண்டு. வளைவில் ரோட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று பின்சக்கரங்களின் மேல்பக்கத்தை லேசாக உள்ளே சாய்த்தே வைத்திருப்பார்கள். அந்தச் சாய்வுக்குக் கேம்பர் என்று பெயர். சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே பார்க்கிறதா, வெளியே பார்க்கிறதா என்பது டோ. "டயரைத் தேய்க்கிறது டோ. எந்த இடத்துல தேய்க்கணும்னு காட்டிக் கொடுக்கிறது கேம்பர்" என்பார் அரை டிகிரி. இரண்டும் கூட்டுச் சேர்ந்து அளவு மீறினால் டயரின் உள்பக்கம் மட்டும் வழித்தெடுத்த மாதிரி ஆகிவிடும். வெளியே நின்று பார்க்கிறவனுக்கு டயர் புத்தம் புதுசு. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தால் ரப்பருக்கு அடியில் இருக்கும் கம்பி பல்லை இளிக்கும்.

இப்போது மச்சான் கதைக்கு வருவோம். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. ஒரே தம்பி. அக்காவுக்கு அவன் கண்ணின் மணி. ஆபீஸில் நல்ல வேலை கிடைத்த கையோடு, தரையோடு தரையாகத் தாழ்த்திய ஒரு சிவப்பு வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். இரண்டே கதவு. அரை டிகிரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இது உனக்கு எதுக்குடா?" என்று கேட்டுத் தொலைத்தார். அவ்வளவுதான். "என் தம்பி நல்லா இருந்தா உங்களுக்குப் பொறுக்காதே" என்று மனைவி பிடித்துக்கொண்டாள். அன்றைக்குப் பிடித்தவள் இன்னும் விடவில்லை.

அந்த வண்டிதான் பின் டயரைத் தின்றது.

முதல் தடவை வந்தபோது வழக்கம்போலச் செய்து அனுப்பினார். இரண்டாம் தடவை அதே உள்பக்கம், அதே கம்பி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஓட்டுபவரின் எடைக்கு மணல் மூட்டைகளைச் சீட்டில் வைத்து, வண்டியை முன்னும் பின்னும் உருட்டி உட்காரவைத்து, பின்சக்கரச் சாய்வை மாற்றுகிற கேம் போல்ட்டை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, மெஷின் திரையில் எல்லாம் பச்சை காட்டிய பிறகுதான் நட்டை இறுக்கினார். முதலாளியே வந்து எட்டிப் பார்த்து, "என்னய்யா, மச்சானுக்குன்னா மட்டும் நகை செய்யறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மூன்றாம் தடவையும் தேய்ந்து வந்தது.

அந்த எரிச்சலை என்னவென்று சொல்வது! மெஷினில் ஏற்றிப் பார்த்தால் போன தடவை வைத்த அளவு அப்படியே நிற்கிறது. எதுவும் தளரவில்லை, எதுவும் வளையவில்லை. அளவும் சரி, டயரும் காலி. ஒன்று சரியாக இருந்தால் மற்றொன்று பொய்யாக இருக்க வேண்டுமே! தலையைப் பிய்த்துக்கொண்டார். ஷாக் அப்சார்பரைப் பார்த்தார். அதன் மேலே, கடைசி அடியைத் தாங்குவதற்காக வைத்த ரப்பர், மிதிபட்ட தக்காளி மாதிரி நசுங்கிக் கிடந்தது. கனம் ஏறாமல் அது அப்படி நசுங்காது.

"டேய், பின்னாடி யாரையாவது ஏத்திக்கிட்டுச் சுத்தறியா?"

"யாரும் இல்ல மாமா. நான் மட்டும்தான்."

வண்டியும் அதைத்தான் சொன்னது. உள்ளே ஒரு காகிதத் துண்டுகூடக் கிடையாது. அரை டிகிரியிடம் அது சட்டம். டிக்கியில் குப்பையைச் சுமந்துகொண்டு வருகிறவர்களை, "இது அலைன்மென்ட்டா, வீடு மாத்தற லாரியா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார். காலியாகக் கொண்டுவந்தால்தான் கை வைப்பார். மச்சான் கழுவித் துடைத்துக் கண்ணாடி மாதிரி கொண்டுவந்திருந்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு டயரையும் ரப்பரையும் மாற்றி, மறுபடியும் எல்லாவற்றையும் பச்சைக்குக் கொண்டுவந்து அனுப்பினார்.

அடுத்த மழையில், மறுபடியும் தேய்ந்துபோன டயரோடு வண்டியின் பின்பக்கம் வழுக்கி, ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, நடுரோட்டுத் தடுப்புச் சுவரை ஒட்டினாற்போல் நின்றது. மச்சானுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்த அரை டிகிரியின் நிலைமையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

"ஊர்ல இருக்கிறவன் வண்டியெல்லாம் நூல் பிடிச்ச மாதிரி ஓடுது. என் தம்பி வண்டி மட்டும் ஏன் இப்படி ஆகுது?"

"எனக்குத் தெரியல. சத்தியமா தெரியல."

"தெரியலையா, மனசு வரலையா?"

"என்னடி பேசற? மத்த வண்டிக்குப் பண்றதைவிட இதுக்கு ரெண்டு மடங்கு பண்றேன்."

"மனசுல ஒண்ணை வெச்சுக்கிட்டுப் பண்ணா எத்தனை மடங்கு பண்ணி என்ன? அவன் செத்திருந்தா?"

அவள் அழுதுகொண்டே உள்ளே போனாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், தன் தம்பி உயிரோடு விளையாடுகிறவன் என்று தன்னை நினைக்கிறாளே என்று இவருக்கு மனசு ஆறவில்லை. டயர் போனால் போகிறது, அவள் அப்படி நினைக்காமல் இருந்தால் போதும் அவருக்கு. அதற்கு ஒரே வழி, ஏன் தேய்கிறது என்று கண்டுபிடிப்பது.

நாலு நாள் கழித்து, வேறொருவரின் வண்டியைச் சரிபார்க்க ஓட்டிக்கொண்டு போனார். ஒரு சிக்னலில் நின்றபோது முன்னால் சிவப்பு வண்டி. பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஆனால் இது என்ன கோலம்! பின்பக்கம் தரையில் உட்கார்ந்து, மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு, பின்சக்கரங்கள் இரண்டும் முட்டி தட்டுகிற கால் மாதிரி உள்ளே சாய்ந்து நின்றன. இந்தச் சாய்வில் ஓடினால் எந்த டயர்தான் தாங்கும்? அடப்பாவி என்று வாய்விட்டே சொல்லிவிட்டார்.

பின்னாலேயே போனார். கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் முன்னால் வண்டி நின்றது. மச்சான் இறங்கினான். டிக்கியைத் திறந்தான். பின்சீட்டை மடக்கி அங்கேயிருந்து டிக்கி விளிம்புவரை பெயின்ட் டப்பாக்கள். பெரிய டப்பாக்கள். கைக்கு ஒன்றாகத் தூக்கிக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு உள்ளே போனான், வந்தான், மறுபடியும் போனான்.

மூன்றாவது நடையில் அரை டிகிரியைப் பார்த்துவிட்டான். டப்பாக்களைக் கீழே வைக்கவும் தோன்றாமல் திருதிருவென விழித்தான்.

"ஏன்டா, என்னைப் பார்த்தா உனக்கு முட்டாளாத் தெரியுதா?" அரை டிகிரி அவன் வழியை மறித்தார். "யாரையும் ஏத்தலன்னு சொன்ன!"

"யாரையும் ஏத்தல மாமா. பெயின்ட்தான்."

"வாயை மூடு. இவ்வளவு கனத்தோட ஓட்டிட்டு, என்கிட்ட வரப்ப மட்டும் கழுவித் துடைச்சுக் காலியா கொண்டுவருவியா?"

"நீங்கதானே மாமா காலியா கொண்டுவரச் சொல்வீங்க?"

சட்டம் போட்டது அவர்தான். எந்தக் கனத்தோடு ஓடுகிறதோ அந்தக் கனத்தோடு அளக்காமல், காலி வண்டியை அளந்து பச்சை பச்சை என்று குதித்ததும் அவர்தான்.

"வேலை போய் ஆறு மாசம் ஆச்சு" என்றான் மச்சான். டப்பாக்கள் இன்னும் கையிலேயே இருந்தன. "பெயின்ட் கடைக்கு டெலிவரி பண்றேன். கையில இருக்கிறது இந்த வண்டிதான். வித்துட்டா அக்கா ஏன்னு கேப்பா."

"சொல்லித் தொலையேன்டா. அக்காதானே? கொன்னுடுவாளா?"

"கொல்ல மாட்டா. இந்த வண்டி வாங்கினப்ப எனக்காக உங்களோட எவ்வளவு சண்டை போட்டா! இப்ப நான் இப்படி நிக்கறேன்னு தெரிஞ்சா, உங்க முன்னாடி அவ தலைகுனிஞ்சு நிப்பா மாமா. என்னால அதைத் தாங்க முடியாது. கால்ல வேணா விழறேன், சொல்லிடாதீங்க."

அரை டிகிரி மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவன் கையிலிருந்து ஒரு டப்பாவைப் பிடுங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். கோபம் போகவில்லை, வைத்த வேகத்தில் டப்பா நசுங்கியது.

மறுநாள் வண்டி டப்பாக்களோடு மெஷினில் ஏறியது. மணல் மூட்டைக்குப் பதிலாக மச்சானையே சீட்டில் உட்காரவைத்தார். திரையில் பின்சக்கரம் இரண்டும் சிவப்பு. ஸ்பிரிங்குக்கு அடியில் இருக்கும் வளையத்தைத் திருகிப் பின்பக்கத்தை மூன்று விரல் தூக்கினார். கேம்பரைக் குறைத்தார். டோவைக் கனத்தோடேயே நேராக்கினார். போல்ட் கடைசிவரை போய் முட்டி, இதற்குமேல் முடியாது என்ற இடத்தில் பச்சை வந்தது.

"பார்க்க டிராக்டர் மாதிரி இருக்கு மாமா" என்றான் மச்சான்.

"பண்ற வேலையும் அதுதானே? மூடிக்கிட்டு ஓட்டு. இதுக்குமேல ஒரு டப்பா ஏத்தினே, தோலை உரிச்சுடுவேன்."

அந்தத் தடவை டயர் தேயவில்லை. இரண்டு மாதம் கழித்துக் குனிந்து பார்த்தபோது உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோல் இருந்தன. அரை டிகிரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடம் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மனைவியே ஆரம்பித்தாள்.

"தம்பி போன் பண்ணான். இப்ப டயர் நல்லா இருக்காம்."

"ம்."

"அப்ப சரி பண்ண முடியற விஷயம்தானே? முன்னாடி மூணு தடவையும் நீங்க சரியா பாக்கல, அப்படித்தானே?"

கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், பெயின்ட் என்று சொன்னால் போதும், இத்தனை நாள் பட்ட அவமானமெல்லாம் தீர்ந்துவிடும். எதிரே அவள் தலை நிமிர்ந்து, ஜெயித்துவிட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அந்தத் தலை குனிவதை நினைத்துப் பார்த்தார். மென்று விழுங்கினார்.

"ஆமா. நான்தான் சரியா பாக்கல."

"இப்பவாவது ஒத்துக்கிட்டீங்களே. மனசுல இருந்ததைத்தானே கை பண்ணிச்சு?"

"ஆமா."

பெரிய மனசு பண்ணி மன்னிக்கிறவள் போல, அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. வேற யாராவது இருந்தா உங்களைக் கிழிச்சிருப்பாங்க. என் தம்பி இன்னிக்கு வரைக்கும் உங்களைப் பத்தி ஒரு வார்த்தை தப்பா சொன்னது இல்ல. அந்த மனசெல்லாம் உங்களுக்கு வராது."

"வராதுதான்" என்றார் அரை டிகிரி. குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.