வெளிநாட்டில் மாமா இருக்கிறாரா?

"வாயைத் திற. இன்னும். பல் டாக்டர்கிட்ட திறப்பியே, அப்படி."

புது மாணவியின் தாடையை இரண்டு விரலால் கீழே இழுத்துப் பார்த்துக்கொண்டே சிர்வார்த் டீச்சர் அடுத்ததைக் கேட்கிறார்: "மாமா, சித்தப்பா யாராவது வெளிநாட்டுல இருக்காங்களா?"

"கனடால ரெண்டு மாமா, டீச்சர்."

"சரி, பின் வரிசைக்குப் போ."

குரல் தேனாக இருந்தாலும் அவ்வளவுதான், தனிப்பாட்டு கிடையாது. பெய்ரூட்டில், எங்கள் பூர்ஜ் ஹம்மூத் அர்மீனியப் பள்ளியில், அவர் பார்த்துப் பார்த்து வளர்த்த குரல்கள் ஒவ்வொன்றாக லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் மாண்ட்ரியலுக்கும் விமானம் ஏறிய பிறகு வந்த சட்டம் இது. "நான் என்ன பாட்டு டீச்சரா, ஏர்போர்ட்ல டாட்டா காட்டறவளா?" என்று ஆசிரியர் அறையில் பொரிந்து தள்ளுவார்.

அவர் கை சும்மா இருக்காது. ரொட்டிக் கடை வரிசையில் நிற்கும்போதும் தாளம் போடும். தன்னைத்தான் அவசரப்படுத்துகிறார் என்று கடைக்காரர் முறைப்பார். தெரு ஜெனரேட்டரின் உறுமல் சுருதிக்குச் சற்றுக் கீழே இருக்கிறதாம், பிள்ளைகளும் அதோடு சேர்ந்து இறங்கிவிடுகிறார்களாம். அதற்காக ஜெனரேட்டர்காரரிடம் சண்டைக்கே போனார். "டீச்சர், இது டீசல்ல ஓடுது, பாட்டுல இல்ல," என்றார் அந்த மனிதர். பக்கத்து அறையில் கணக்கு நடத்தும் என் பாடு இன்னும் மோசம். என் பிள்ளைகள் வாய்ப்பாட்டையே இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள்.

இந்த வருடம் சட்டத்தில் நூறு மதிப்பெண் வாங்கியவள் நைரி. உறவென்று வெளிநாட்டில் ஒரு ஈ காக்கை இல்லை. "எங்களுக்குப் போக இடமே இல்ல டீச்சர்," என்று அவள் சொன்னபோது சிர்வார்த் அவளைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டார். ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த தேவாலயக் கச்சேரி சொதப்பினால் பாட்டு வகுப்பையே நிறுத்திவிடுவோம் என்று பள்ளி நிர்வாகக் குழு சொல்லியிருந்தது. கச்சேரி முழுக்க நைரியின் குரல் மேல்தான் நின்றது.

கச்சேரிக்கு நாலு நாள் முன்னால், புதன்கிழமை, விஷயம் வந்தது. நர்ஸாக இருக்கும் நைரியின் அம்மாவுக்கு பிரான்ஸில், மார்சேயில் வேலை கிடைத்துவிட்டதாம். சனிக்கிழமை விமானம்.

"நீயும் வா. கணக்கு வாத்தியார் சொன்னா கேப்பாங்க," என்று வெள்ளிக்கிழமை மாலை சிர்வார்த் என்னையும் நைரி வீட்டுக்கு இழுத்துப் போனார். மின்சாரம் இல்லை, லிஃப்டும் இல்லை. படியேறும் நேரம் முழுக்க, "ஒரு நாள். ஒரே ஒரு நாள், ஞாயித்துக்கிழமை ராத்திரிக்குத் தள்ளிப் போடச் சொல்லுவோம்," என்று என்னிடமே ஒத்திகை பார்த்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

கதவைத் திறந்த நைரியின் கண் வீங்கியிருந்தது. உள்ளே அவள் அம்மா பிதுங்கிய பெட்டி ஒன்றோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், நீங்களே சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை பாடிட்டு, அத்தை வீட்டுல தங்கிட்டு, அப்புறம் வரேன்," என்றாள் நைரி.

"தனியா வந்தா உள்ள விடுவாங்களோ மாட்டாங்களோ, யாருக்குத் தெரியும்?" என்றாள் அம்மா. "ரெண்டு நாளா நான் சொல்றது எதுவும் இவ காதுல ஏறல. நீங்க போன்னா போவா, இருன்னா இருப்பா. உங்க கையிலதான் இருக்கு டீச்சர்."

நைரி சிர்வார்த்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கைப்பையை என்னிடம் நீட்டினார். நேரே போய், அந்தப் பெட்டியின் மேல் தன் கனமெல்லாம் அழுந்த உட்கார்ந்தார்.

"இழுடி, ஜிப்பை," என்றார்.