அன்று அக்காவுக்கு அரைப்பேர்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யார் கூட்டம் வைத்தாலும் என்னை மேடையில் உட்காரவைத்து, என் அக்காவின் தியாகத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஹட்டனில் வங்கி வேலைக்குப் போகும் தங்கையும், இன்னும் கொழுந்து பறிக்கும் அக்காவும் அவர்களுக்கு நல்ல கதை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தியாகமுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. அது கோபம். அந்தக் கோபத்தை நேரில் பார்த்தவள் நான்.

பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் அக்காவோடு கொழுந்து பறிக்க மலைக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. எனக்கு அவளைப் போல இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் வகிடெடுக்கும் பக்கம்தான் நானும் வகிடெடுப்பேன். அவளுக்குப் பிடிக்காதவர்களோடு நானும் பேசமாட்டேன். அவளோ தன் முகக் கிரீமைக்கூடத் தொடவிடமாட்டாள். தொட்டால் மண்டையில் குட்டு விழும்.

பேர் பதியாத பிள்ளை பறிக்கிற கொழுந்து, கூட்டிவந்தவரின் நிறுவையில்தான் சேரும். அப்படி என் கொழுந்து அக்காவுடையதில் சேர்ந்தது. நாளாக நாளாக என் கை வேகம் பிடித்தது. மூன்றாவது வாரம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எங்களை வேலைவாங்கும் கங்காணி என் கூடையைப் பார்த்துச் சிரித்தார்.

“அக்கா கை அப்படியே இருக்கே! ஒன் பேரையும் பதிஞ்சிருவோமா? நாளைக்கு அக்கா கட்டிக்கிட்டுப் போனாலும் லயத்துக் காம்பரா உங்க கைய விட்டுப் போகாது.”

தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் இருந்தால்தான் லயம் என்கிற வரிசை வீட்டில் அறை நிலைக்கும். எனக்கோ அதைக்கூட யோசிக்காமல் உச்சி குளிர்ந்துவிட்டது. அக்காவைப் போல என்று ஒரு மனுசர் வாய்விட்டுச் சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? எழுதிய பரீட்சை, போக வேண்டிய பள்ளிக்கூடம், எதுவும் அந்த நிமிடம் நினைவில் இல்லை.

“சரிங்க, பதிஞ்சுக்கங்க” என்றேன்.

அக்கா என் கூடையைப் பிடுங்கிப் பக்கத்தில் ஓடிய வடிகால் கானில் தலைகீழாகக் கவிழ்த்தாள். காலையிலிருந்து நான் பறித்தது முழுக்கத் தண்ணீரோடு போனது. வரிசையில் நின்ற பெண்கள் கானை எட்டிப் பார்த்தார்கள்.

“பைத்தியமா புடிச்சிருக்கு ஒனக்கு?” கங்காணி கத்தினார். “இன்னைக்கிக் கொழுந்து கம்மி. ஒன் கூடை மட்டும்னா அரைப்பேர்தான் விழும்.”

அளவு குறைந்தால் அரைநாள் சம்பளம்தான். அதைத்தான் அரைப்பேர் என்போம்.

“அரைப்பேரே போடுங்க. இவ பேரு மட்டும் இங்க ஏறாது. ரிசல்ட் வந்ததும் இவ ஸ்கூலுக்குப் போவா.”

வரும் வழியெல்லாம் அவளைத் திட்டினேன். அத்தனை பேர் முன்னால் என் மானம் போய்விட்டதே என்று அழுகை முட்டியது. “நான் ஒன்ன மாதிரி இருந்தா ஒனக்கு என்ன வலிக்குது?” என்று கத்தினேன்.

“வலிக்குது. வாய மூடிக்கிட்டு நட.”

ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. அவளும் கெஞ்சவில்லை. லயத்தில் ஆளுக்கொரு பேச்சு. மூத்தவளின் திமிர் இளையவளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். ஒட்டிக்கொண்டது, நன்றாகவே ஒட்டிக்கொண்டது. என்னைக் கேட்காமல் என்னைப் பற்றி யாராவது முடிவெடுத்தால், அது மேலதிகாரியாக இருந்தாலும், இன்றைக்கும் எதிர்த்துப் பேசாமல் நான் எழுந்து வருவதில்லை. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதுமில்லை.

போன தீபாவளிக்குத்தான் அவளிடம் கேட்டேன். அடுப்படியில் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தாள்.

“அக்கா, அன்னைக்கு அவ்வளவு வீறாப்பாப் பேசினியே. நான் பெயிலாயிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மறுபடி எழுத வச்சிருப்பேன்.”

“அதுலயும் பெயிலானா?”

“அப்பவும் எழுத வச்சிருப்பேன். போய் அந்தத் தட்ட எடுத்துட்டு வா.”