கோலுக்குப் பின்னால் நிற்பவர்

"பந்தைப் பாக்காதய்யா. பந்துக்கு என்ன, அது உருண்டுக்கிட்டேதான் இருக்கும். பேக்கு எங்க நிக்கிறான்னு பாரு!"

பக்கத்தில் நிற்பவர் கேட்கிறாரா இல்லையா என்பதைப் பற்றிப் பஞ்சநாதனுக்குக் கவலையில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேற்கு வெயிலுக்குக் கையை நெற்றியில் குடையாகப் பிடித்துக்கொண்டு, கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடுவார். அரியலூர் கால்பந்து மைதானத்தில் பக்கவாட்டில் வேப்பமரங்கள் உண்டு, நிழல் உண்டு, சுண்டல்காரர் உண்டு. ஆட்டம் பார்க்க வருகிற எல்லாரும் அங்கேதான் உட்காருவார்கள். இவர் மட்டும் தன் அணியின் கோலுக்குப் பின்னால், புழுதியில். இடைவேளை முடிந்து அணிகள் பக்கம் மாறினால் இவரும் மைதானத்தைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போவார்.

தன் அணி கோல் போட்டால் கை தட்ட மாட்டார். மரத்தடியில் துண்டுகள் பறக்கும், விசில் கிழியும். அந்த நேரத்தில் பஞ்சநாதன் பேக்குகளை, அதாவது தடுப்பாட்டக்காரர்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார்: "அங்க என்ன வூட்டுல விசேஷமா? கட்டிப்புடிக்க ஓடுறீங்க? எடத்துக்குப் போங்கடா!"

செந்துறை சாலையில் அவருக்குப் பஞ்சர் கடை. சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள்தான் வாடிக்கை. டயர் நெம்பும் இரும்பைப் பிடித்துப் பிடித்து வலது கட்டைவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. புருவம் எப்போதும் வெள்ளை. வயதல்ல, சாலைப் புழுதி. கடைச் சுவரில் முருகன் காலண்டருக்குப் பக்கத்தில், ஒரு விளையாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்து ஒட்டிய படம் ஒன்று உண்டு. பந்தை வைத்திருப்பவன் அதில் பாதிதான் தெரிவான். அவன் காலடியில் சறுக்கி விழுந்து பந்தைத் தட்டிவிடுகிற முரட்டு ஆள்தான் முழுசாகத் தெரிவான். அவன் எந்த நாட்டுக்காரன், பெயர் என்ன என்று பஞ்சநாதனுக்குத் தெரியாது. "எல்லாரும் கோல் போடுறவன் படத்தை ஒட்டுறான். இவன் இல்லன்னா அவன் ஏது?" என்பார்.

அவர் ஒரு நாளும் காலில் பூட்ஸ் மாட்டி ஆடியவரில்லை. சின்ன வயதில் கோலைத் தாண்டிக் கருவேலங்காட்டுக்குள் போய் விழும் பந்தை ஓடிப்போய் எடுத்து வருவது அவர் வேலையாக இருந்தது. அங்கே நின்று பழகிய கண் அது. வேறெங்கே நின்றாலும் ஆட்டம் கோணலாகத் தெரிகிறது என்கிறார்.

அவருடைய அணி, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு சிமெண்ட் ஆலையின் அணி. அரியலூர் தனி மாவட்டமாகி, ஒரு வருஷம் கொஞ்சம் தாண்டுவதற்குள் மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்ட வருத்தம் ஊரில் ஆறாமல் இருந்த காலம். மே மாதம் பெரம்பலூரில் நடக்கும் போட்டியில் அந்த ஊர்க்காரர்களை அவர்கள் மண்ணிலேயே தோற்கடிக்க வேண்டும் என்பது கலெக்டர் ஆபீஸ் பறிபோன ஊருக்கு ஒரு வெறியாகவே இருந்தது. போன வருஷம் அரையிறுதியில் மூன்று கோல் வாங்கித் தோற்றார்கள். பெரம்பலூர் ஆட்கள் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து கூக்குரலிட்டு வழியனுப்பினார்கள்.

"மூணும் வலப் பக்கம்," என்றார் பஞ்சநாதன், பஸ்ஸில் யாரும் கேட்காமலே. வலது பேக்காக ஆடியவன் சுரேஷ்குமார். பஞ்சநாதனின் தங்கை ராசாத்தியின் புருஷன்.

அந்தக் கல்யாணமே கோலுக்குப் பின்னால் நின்று பேசி முடித்ததுதான் என்று ஊரில் கேலி செய்வார்கள். சுரேஷ்குமார் அப்போது கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்ட, வேலையில்லாத பையன். ஓர் ஆட்டத்தில் அவனைத் தாண்டி ஒருவனும் போகவில்லை. பஞ்சநாதன் மறுநாளே ஜாதகம் கேட்டுப் போய்விட்டார். "பொறுப்பான பய. எடத்தை விட்டு நகர மாட்டான்" என்று வீட்டில் சொன்னார். ராசாத்தியிடம் யாரும் கேட்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. அணியில் இருப்பதால் ஆலையின் மூட்டை கட்டும் பிரிவில் அவனுக்குத் தற்காலிக வேலை. வருஷா வருஷம் அணி தேர்வாகும்போது வேலையும் புதுப்பிக்கப்படும். இரண்டு பெண் குழந்தைகளும் பிறந்தாயிற்று. இப்போது சுரேஷ்குமாருக்கு முப்பதைத் தாண்டிவிட்டது. சிமெண்ட் தூசில் மூச்சு கொஞ்சம் இழுக்கும். நேராக வருகிறவனை இன்றைக்கும் நிறுத்திவிடுவான். ஓரக்கோட்டை ஒட்டி வெளிப்பக்கமாகச் சுற்றிப் போகிறவனைத் திரும்பித் துரத்துவதற்குத்தான் உடம்பு ஒத்துழைப்பதில்லை.

தோற்று வந்ததிலிருந்து பஞ்சநாதன் அதையேதான் பேசினார். டயரைக் கழற்றக் காத்திருக்கும் டிரைவர்களிடம் பேசினார். டீக்கடையில் பேசினார். "முன்னாடி ஆடுறதுக்கு நம்மகிட்ட ஆளு கெடக்கு. பின்னாடிதான் போட்டியே இல்ல. நமக்குத்தான் எடம்னு தெரிஞ்சா எவன் ஓடுவான்? ஒரு எடத்துக்கு ரெண்டு பேரு வேணும். ஒருத்தன் எடத்த ஒருத்தன் பாத்துக்கிட்டே இருக்கணும்."

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் ஆலையின் நலத்துறை அதிகாரியின் ஜீப் கடை முன்னால் நின்றது. அணியைக் கவனிப்பவரும் அவர்தான். டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே பஞ்சநாதன் பேச்சை ஆரம்பித்தார்.

"கன்னியாகுமரி கடற்கரைப் பக்கம் பசங்க இருக்காங்க சார். மணல்ல ஓடின காலு. பேக்குல ரெண்டு பேரைக் கொண்டாந்து போடுங்க. இந்த வருஷம் கப்பு நம்மளுது."

அதிகாரி கொஞ்சம் தயங்கினார். "கொண்டு வரலாம். ஆனா இருக்கிற ஆளுங்கள்ல ஒருத்தரை எடுக்க வேண்டி வரும். உங்க மாப்பிள்ளையும் அதுலதானே இருக்காரு?"

"கிரவுண்டுல மாப்ளையாவது மச்சானாவது. ஆட்டம்தான் சார் பேசணும்."

அப்படிச் சொன்னபோது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அதிகாரி அவர் தோளில் தட்டிவிட்டுப் போனார். ஒரு வாரம் வரைக்கும் அந்தத் தட்டலைப் பற்றி எல்லாரிடமும் சொன்னார். தான் சொன்ன பதிலையும் சேர்த்துத்தான் சொன்னார்.

சித்திரை பிறந்ததும் இரண்டு பையன்கள் வந்து இறங்கினார்கள். ஒல்லியாக, கறுப்பாக, அதிகம் பேசாமல். முதல் நாள் பயிற்சியில் பஞ்சநாதன் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர் விடவேயில்லை. ஒருவன் முன்னேறினால் மற்றவன் தானாகப் பின்வாங்குகிறான். வாயைத் திறக்காமல் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள். வாழ்நாளெல்லாம் கத்திக் கேட்டது கண்ணெதிரே நடக்கிறது. வீட்டுக்குப் போய் மனைவி பொன்னுத்தாயிடம், "கண்ணு குளுந்து போச்சுடி" என்றார்.

அவர் மனதில் ஒரு கணக்கு இருந்தது. இடது பக்கம் ஆடும் நல்லதம்பிக்குத் தொப்பை போட்டுவிட்டது, அவனைத்தான் எடுப்பார்கள். போட்டி வந்துவிட்டதால் சுரேஷ்குமார் பயந்துபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். பழைய ஆட்டம் திரும்பிவிடும். இதை ராசாத்தியிடமும் சொன்னார்.

"மாப்ளைக்கு நல்லதுக்குத்தாம்மா. நெருக்கினாத்தான் ஆட்டம் வரும்."

"எடம் போயிருச்சுன்னா?"

"போவாது."

"போயிருச்சுன்னா என்னண்ணே பண்றது?"

"போவாதுன்னு சொல்றேன்ல."

சுரேஷ்குமார் உண்மையிலேயே ஓடினான். விடியற்காலையில் எழுந்து ரயில்வே கேட் வரைக்கும் ஓடிவிட்டு வந்து வேலைக்குப் போனான். சாயங்காலம் மறுபடி மைதானம். சாப்பிடும்போதே தூங்கி விழுகிறார் என்று ராசாத்தி அண்ணியிடம் வந்து சொன்னாள். பஞ்சநாதன் கேட்டுவிட்டு, "அதான் வேணும். ஒடம்பு எறங்கும்" என்றார்.

ஆட்களைத் தேர்ந்தெடுப்பதற்கு ஆலை அணியையே இரண்டாகப் பிரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆடவிட்டார்கள். சுரேஷ்குமார் ஒரு பக்கம் வலது பேக். எதிர்ப்பக்கம் இடது ஓரத்தில், லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்து ஆடும் தௌஃபீக். காற்றாகப் போகிற பையன். பஞ்சநாதன் வழக்கம்போலப் போய் நின்றது சுரேஷ்குமாரின் கோலுக்குப் பின்னால்.

அன்று சுரேஷ்குமார் நன்றாகவே ஆடினான். அதைப் பஞ்சநாதன் இன்றைக்கும் மறுக்க மாட்டார். முதல் பாதியில் தௌஃபீக் நாலைந்து முறை ஓரத்திலிருந்து கோல் பக்கமாக உள்ளே வெட்டி வந்தான். ஒவ்வொரு முறையும் கால் வைத்துப் பந்தைப் பிடுங்கினான் சுரேஷ்குமார். மரத்தடியில் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். புது ஆட்கள் இருவரையும்கூட ஒரு நிமிஷம் மறந்துவிட்டார்கள்.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இரு பக்கமும் கோல் இல்லை. பந்து மறுபடி தௌஃபீக்கிடம் வந்தது. அவன் நின்று, உள்ளே வெட்டலாமா என்று தயங்கினான். பஞ்சநாதனின் கண்ணில் வெளிப்பக்கம் விரிந்து கிடந்தது. ஒரு வருஷமாக அவர் கனவில் கண்ட அதே வெற்றிடம்.

"வெளிய போ! வெளிய! அவன் திரும்ப மாட்டான்!"

கத்தியது தான்தான் என்பது அவருக்கு அரை நொடி கழித்துத்தான் தெரிந்தது. தௌஃபீக் வெளியே தட்டிவிட்டு ஓடினான். சுரேஷ்குமார் திரும்பினான், திரும்பும்போதே கால் பின்னிக்கொண்டது. கையை ஊன்றி எழுவதற்குள் பந்து வலைக்குள், பஞ்சநாதனின் முட்டிக்கு நேரே வந்து முட்டிக் கீழே விழுந்தது.

சுரேஷ்குமார் பந்தைப் பார்க்கவில்லை. வலைக்கு இந்தப் பக்கம் நின்றவரைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பஞ்சநாதனும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பார். அவன் முகத்தில் கோபம் இல்லை. யாரென்று அடையாளம் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தான். எழுந்து முழங்கை மண்ணைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனான்.

மறுநாள் அணியை அறிவித்தார்கள். நல்லதம்பி இருந்தான், தொப்பையோடு மாற்று ஆளாக. சுரேஷ்குமார் இல்லை. மாதம் முடிந்ததும் மூட்டைப் பிரிவில் அவன் பெயரும் இல்லை. அதிகாரி கடைக்கு வந்து பஞ்சநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "உங்க கண்ணு தப்பாது. நானே யோசிச்சுக்கிட்டிருந்தேன், நீங்க கத்தினதும்தான் எனக்குத் தெளிவாச்சு." பஞ்சநாதன் கையை இழுத்துக்கொண்டு, கை அழுக்கு சார் என்றார்.

ராசாத்தி வந்தபோது கடையில் இரண்டு லாரி நின்றது. அவள் டிரைவர்களைப் பொருட்படுத்தவில்லை.

"ஒனக்கு அவரு மேல என்னண்ணே கோவம்?"

"கோவமா? எனக்கு எதுக்கும்மா கோவம்?"

"பின்ன ஏன் அந்தப் பையனுக்கு வழி சொல்லிக் குடுத்த? ஊரே சொல்லுது. அவரு மட்டும் இன்னி வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல."

பஞ்சநாதன் எத்தனையோ சொல்லியிருக்கலாம். வாய் தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அழுதிருக்கலாம். அவர் சொன்னது இதுதான்:

"அந்தப் பக்கம் தெறந்து கெடந்துச்சும்மா."

ராசாத்தி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நீதானே பாத்து என்னைக் குடுத்த" என்றாள். சாலையைக் கடந்து போய்விட்டாள். அன்றிலிருந்து அண்ணன் வீட்டு வாசல்படியை அவள் மிதிக்கவில்லை. குழந்தைகளையும் அனுப்புவதில்லை. சோறு போடும்போது பொன்னுத்தாய் தட்டை வைக்கிற சத்தத்திலேயே பஞ்சநாதனுக்கு எல்லாம் புரிந்துவிடுகிறது.

அவர் இப்போதும் மைதானத்துக்குப் போகிறார். போகாமல் இருக்க முயன்று பார்த்தார், முடியவில்லை. பயிற்சி ஆட்டங்களில் ஜெயங்கொண்டத்து அணி ஒன்று வந்தது, திருச்சியிலிருந்து ஒன்று வந்தது. இரண்டாலும் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. பக்கத்தில் வந்து நிற்பவர்கள் சொல்கிறார்கள்: "அண்ணே, நீங்க கேட்ட மாதிரியே அமைஞ்சிருச்சு." ஆமாம், அமைந்துவிட்டது. கடற்கரைப் பையன்கள் இடம் மாறி இடம் மாறி நின்று வழியடைப்பதைப் பார்க்கும்போது அவருடைய கண் இன்னும் குளிர்கிறது. அதுதான் அவருக்கு ஆகவில்லை. கண் குளிர்வதை நிறுத்தவும் தெரியவில்லை. ஆட்டம் முடிந்தால் யாருடனும் டீக்கடைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கு நடக்கிறார்.

போட்டி தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று பின் டயர் உட்கார்ந்துபோய்க் கடை முன்னால் வந்து நின்றது. கிளீனர் பக்கத்துக் கதவிலிருந்து சுரேஷ்குமார் இறங்கினான். தலையில் துண்டு, புருவமெல்லாம் வெள்ளை.

"வாங்க மாப்ளே," என்றார் பஞ்சநாதன்.

அவன் தலையை அசைத்தான். ஜாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனான். இருவரும் சேர்ந்து சக்கரத்தைக் கழற்றினார்கள். சுரேஷ்குமார் நட்டுகளைக் கழற்றிக் கழற்றித் தர, பஞ்சநாதன் வாங்கி ஒரு தகரத்தில் போட்டார். கை பட்டுவிடாமல் இருவருமே பார்த்துக்கொண்டார்கள்.

டிரைவர் சேலத்துப் பக்கத்து ஆள், இங்கே வந்து சில நாள்தான் ஆகிறது. மர ஸ்டூலில் உட்கார்ந்து பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, பேச்சுத் துணைக்காகக் கேட்டான்:

"ஏண்ணே, உங்க ஆலை டீம்ல இந்த வருஷம் பேக்கு செம பலமாமே? டீக்கடையில ஒரே பேச்சா இருக்குது. முன்னாடி ரைட்ல ஒருத்தன் இருந்தானாமே, ஓட்டை. அவனை யாரோ சொல்லித் தூக்கிட்டாங்களாம்?"

சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்த சுரேஷ்குமார் நிமிரவில்லை. ஸ்பேனரில் ஒட்டியிருந்த மண்ணைக் கட்டைவிரலால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

பஞ்சநாதன் வாயைத் திறந்தார். டயர் இன்னும் பிரித்தபடி தரையில் கிடந்தது. டியூபுக்கு ஒட்டுப் போடவில்லை. காற்றுப் பிடிக்க எதுவும் தயாராக இல்லை. அவர் எழுந்து சுவரோரம் போய்க் கம்ப்ரசர் சுவிட்சைத் தட்டிவிட்டார். கடை அதிர அது ஓடத் தொடங்கியது. டிரைவர் காதில் கையை வைத்துக்கொண்டு மறுபடி எதையோ கேட்டான். பஞ்சநாதன் சுவரைப் பார்த்தபடி, சுவிட்சின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார்.