மூன்று மெஷின், ஒரு பாபின் கூடு

எந்தத் தையல் மெஷின் மக்கர் செய்தாலும் அவள் முதலில் ஊசியைக் கழற்றி மேசைமேல் உருட்டிப் பார்ப்பாள். சீராக உருண்டால் ஊசி நல்லது. துள்ளினால் வளைந்திருக்கிறது என்று அர்த்தம். மோட்டாரில் புகை வந்தால்கூட இவள் ஊசியைத்தான் உருட்டுவாள் என்று நாங்கள் கேலி செய்வோம். பத்தொன்பது வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் சட்டைக் கம்பெனிக்கு மெக்கானிக்காக வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. என்னைவிட ஒன்பது வயது சின்னவள், நல்ல பருமன். வந்த வாரமே ‘ஊசி’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "உடம்பப் பாத்து மோட்டார்னு வைக்காம விட்டீங்களே, அதுவே போதும்" என்றாள்.

வீட்டிலும் அப்படித்தான். கல்யாணமான புதிதில், மாடியில் யாரோ நடக்கிறார்கள், வீட்டை மாற்ற வேண்டும் என்று மாமியார் ஒற்றைக்காலில் நின்றாராம். இவள் மேலே போய், காற்றில் தடதடத்துக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டி மூடிமேல் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வந்தாள். நடந்தவர் அன்றோடு நின்றுவிட்டார்.

அவள் வந்த மூன்றாம் வருஷம் எனக்கு ஒரு சோதனை வந்தது. நான் தைத்தால் நூல் அறுந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. மோட்டார் சரியில்லை என்று சூப்பர்வைசர் வேறு மெஷின் கொடுத்தார். அங்கேயும் அறுந்தது, நூல்கண்டு மட்டம் என்றார். மூன்றாவது மெஷினிலும் அறுந்தபோது என் கையைப் பார்த்தார்.

"உங்க கைதாம்மா சரியில்ல. திங்கக்கிழமையிலிருந்து பிசிறு வெட்டப் போயிடுங்க."

தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் மேசைக்குப் போனவர்கள் யாரும் மறுபடி மெஷினில் உட்கார்ந்ததில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலை தையல். என் கையில்தான் ஏதோ கோளாறு என்று நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

ஊசி வந்தாள். ஊசியை உருட்டினாள். சீராக உருண்டது.

"ஊசி இல்ல" என்றாள்.

"அப்பாடா, இன்னைக்காவது தோத்தியே!" என்று பக்கத்து மெஷின்காரி சிரித்தாள்.

"தோத்தா என்ன, அரை நிமிஷந்தானே போச்சு? மோட்டாரப் பிரிச்சுட்டுத் தோத்திருந்தா அரை நாள் போயிருக்கும்."

பிறகு சூப்பர்வைசரிடம் திரும்பினாள். "சார், மூணு மெஷினுக்கு மூணு காரணம் சொல்றீங்க. எல்லாம் ஒரே வாரத்துல, இந்த அக்கா உக்காரும்போது மட்டும் வருமா?"

"அதனாலதான் கைன்னு சொல்றேன்."

"பதினோரு வருஷமா இதே கைதானே தைச்சுது? கை மாறல. வேற என்ன மாறுச்சு?" என்னிடம் கேட்டாள், "அக்கா, மெஷின் மாறும்போது கூடவே என்ன எடுத்துட்டுப் போவீங்க?"

"கத்தரிக்கோல்... உக்கார்ற மெத்தை... பாபின் கூடு."

கீழ்நூல் சுற்றிய பாபினை வைக்கிற சின்ன இரும்புக் கூடு அது. எங்கள் கம்பெனியில் ஆளுக்கொன்று வைத்திருப்போம். நகப்பூச்சால் அடையாளம் போட்டு, யாருக்கும் இரவல் தரமாட்டோம். என்னுடையதில் சிவப்புப் பொட்டு.

அதை வாங்கிப் பக்கத்து மெஷினில் மாட்டினாள். இரண்டாவது நிமிஷம் அங்கே நூல் அறுந்தது. பக்கத்து மெஷின்காரியின் கூட்டை எனக்குப் போட்டாள். ஒரு காலர் முடிந்தது, இரண்டு முடிந்தது. நூல் அறுபடவில்லை. என் கூட்டின் விளிம்பில் நகத்தை ஓட்டினாள், ஓரிடத்தில் தட்டியது. மயிரிழை அளவு நெளிவு.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன மாதம் அது சிமென்ட் தரையில் விழுந்தது. துடைத்து மாட்டிக்கொண்டேன். அடி பட்டிருக்குமா என்று யோசிக்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்.

சூப்பர்வைசர் ஸ்டோருக்குப் போய்ப் புதுக் கூடு எடுத்துவந்து, என் மேசையில் அவரே வைத்தார்.

பிறகு ஒருநாள் அவளைக் கேட்டேன், "எப்பவும் சின்னக் காரணந்தான் சரியா இருக்குமா?"

"யார் சொன்னா? பல தடவ பெரிய கோளாறாவும் இருக்கும். சின்னது தப்புன்னா சீக்கிரமே தெரிஞ்சுடும்க்கா. அதான் அதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

இப்போது அவள் தலைமை மெக்கானிக். அவளுக்குக் கீழே ஐந்து பேர். ஐந்து பேரும் முதலில் ஊசியை உருட்டுகிறார்கள். நான் அதே வரிசையில், மூன்றாவது மெஷினில் காலர் தைக்கிறேன்.