எடைத்தாளின் கடைசி வரி

தாராவா தீவில் நாட்டுக்கென்று இருந்த விமானம் ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர்கள் மூன்று. டிக்கெட்டில் இரண்டெழுத்து, பயணத் திட்டத்தில் மூன்றெழுத்து, வானொலியில் கூப்பிட ஒரு கடற்பறவையின் பெயர். ஒற்றை விமானத்துக்கு இத்தனை ஜம்பம் ஆகாதுதான். ஆனால் நந்தி, ஃபுனாஃபுத்தி, மஜூரோ என்று அயல்நாட்டு ஊர்களுக்குக் கடல் தாண்டிப் போய்வருகிற விமானம் கொஞ்சம் ஜம்பம் அடித்தால்தான் என்ன?

அதன் எடைத்தாளைப் பதினெட்டு வருஷமாக எழுதியவள் ரோத்தியா. ஆளையும் பெட்டியையும் தராசில் ஏற்றி, எரிபொருளையும் சேர்த்துக் கூட்டி, ஓடுபாதை முடிந்து கடல் வருவதற்குள் விமானம் எழும்புமா என்று சொல்கிறவள். புறப்பட்டதும் அதைச் சுருக்கி டெலக்ஸ் இயந்திரத்தில் நந்திக்கு அடிப்பதும் அவள்தான். இரண்டு வருஷமாக அங்கே விமான நிலையத்தில் அதை வாங்குவது அவளுடைய ஒரே மகள் தெரேங்கா. குறியீடு, ஆள் எத்தனை, எடை எத்தனை. தாய்க்கும் மகளுக்கும் வாரம் தவறாமல் நடந்த பேச்சு அவ்வளவுதான். சொந்த விஷயம் ஒரு சொல் அடித்தாலும் வேலைக்கு ஆபத்து.

வரும் சனிக்கிழமை நந்தியில் தெரேங்காவுக்குக் கல்யாணம். வியாழக்கிழமை விமானத்தை விட்டால் அடுத்தது மறு வியாழன். விலை கொடுத்து வாங்க மூன்று மாதத்துக்கு டிக்கெட் இல்லை. ஊழியர்களுக்கு இலவசம் உண்டு, இடமும் எடையும் மிஞ்சினால்.

போன வருஷம் மகளைப் பார்க்கக் கிளம்பி, எடை மிஞ்சாமல் இறங்கியிருந்தாள். இந்த வியாழன் மிஞ்சியது. ரோத்தியா தானே தராசில் ஏறி நின்று, தாளின் கடைசி வரியில் தன் பெயரை எழுதினாள்: ஊழியர், 58 கிலோ. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுமை ஏற்றும் தெக்காய் சிரித்தான்.

"அக்கா, இப்பவே அழுதுட்டா கல்யாணத்துல என்ன பண்ணுவ? கொஞ்சம் மிச்சம் வை!"

"போடா, கண்ணுல மண்ணு."

அப்போதுதான் விமானி வந்தார். நந்தியில் பேய்மழை, இறங்க முடியாமல் பக்கத்து ஊரான சூவாவுக்குத் திருப்ப நேரலாம், கூடுதல் எரிபொருள் வேண்டும் என்றார். ரோத்தியா மறுபடி கூட்டினாள். ஐம்பது கிலோ அதிகம். முதலில் இறங்க வேண்டியது ஊழியர்.

தெக்காய் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான். "அம்பது பெட்டி இருக்கு, பெட்டிக்கு ஒரு கிலோ குறைச்சு எழுதுக்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"பெத்த பொண்ணு கல்யாணம்க்கா!"

"உள்ள உக்காந்திருக்கிற நாப்பது பேரும் யாரோ பெத்ததுதாண்டா."

சொல்லிவிட்டாளே தவிர, ஒரு கிலோ, ஒரே ஒரு கிலோ என்று பேனா முனை பெட்டிகளின் வரிசையில் அலைந்தது. பிறகு கடைசி வரியில் தன் பெயரைக் கோடு போட்டு அடித்தாள்.

விமானம் ஓடுபாதையை முக்கால்வாசி தின்றுவிட்டுத்தான் எழும்பியது. அவள் உள்ளே வந்து டெலக்ஸ் முன் உட்கார்ந்து குறியீடு, ஆள், எடை எல்லாம் அடித்தாள். முறைப்படி கடைசியில்: இறக்கப்பட்டது, ஊழியர் ஒன்று, 58 கிலோ.

கல்யாண வேலையை எல்லாம் போட்டுவிட்டு, இந்தச் செய்திக்காகவே தெரேங்கா அங்கே மேசையில் உட்கார்ந்திருப்பாள் என்று ரோத்தியாவுக்குத் தெரியும். பதில் வர நேரமாயிற்று. வந்ததும் ஒற்றைச் சொல்தான்: கிடைத்தது.

அவள் எழுந்திருக்கப் போனபோது இயந்திரம் மறுபடி தடதடத்தது.

"போன வருஷம் உன்னை இறக்கினப்ப எழுபத்தொண்ணுன்னு போட்டிருந்த. இப்ப அம்பத்தெட்டா? அம்மா, நீ சாப்பிடுறியா இல்லையா?"

ரோத்தியா அந்தத் தாளை இயந்திரத்திலிருந்து கிழித்தெடுத்தாள். பிறகு உட்கார்ந்து, பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக, எந்தக் குறியீடும் இல்லாமல் அடித்தாள்.

"ஒருத்திக்குன்னு அடுப்புப் பத்தவைக்க மனசு வரலடி, கண்ணு."